எஸ்பிஎம் மாணவர்களுக்கு டியூஷன்: ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு கேட்கலாம்?

எஸ்பிஎம் தேர்வில் நல்ல தேர்ச்சி பெற்று ஆறாம் படிவம், மெட்ரிகுலேஷன் அல்லது பல்கலைக்கழகத்தில் பயிலும் மாணவர்கள் பலர், ஐந்தாம் படிவப் பிள்ளைகளுக்கு வீட்டில் பாடம் சொல்லிக் கொடுக்கிறார்கள். பாடம் தெரிந்திருந்தும், கட்டணம் கேட்கும் இடத்தில் பலர் தடுமாறுகிறார்கள். குறைத்துக் கேட்டால் இரண்டு மாதத்தில் சலித்துப் போகும். கூட்டிக் கேட்டால் தோட்டத்துக் குடும்பங்களால் கொடுக்க முடியாது. கட்டணத்தைக் கணக்குப் போட்டு முடிவு செய்வதே இருவருக்கும் நல்லது.

அடிமட்ட அளவுகோல்

நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட். 2025 பிப்ரவரி 1 முதல் இது படிப்படியாக நடப்புக்கு வந்தது. மணிக்கணக்கில் பார்த்தால் 8 ரிங்கிட் 72 காசு. சொந்தமாக டியூஷன் எடுப்பவரை இந்தச் சட்டம் கட்டுப்படுத்தாது. ஆனாலும் ஒரு கடையில் பகுதிநேர வேலை செய்தால் கிடைக்கக்கூடிய தொகை என்பதால், ஒப்பிட்டுப் பார்க்க இது உதவும்.

வகுப்பு நேரம் மட்டும் கணக்கல்ல

உதாரணமாக, ஒன்றரை மணி நேர வகுப்புக்குப் போய் வர மோட்டார் சைக்கிளில் 1 மணி நேரம், கேள்வித்தாள் தயாரித்துத் திருத்த அரை மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 3 மணி நேரம். பெட்ரோல் 4 ரிங்கிட்.

• மணிக்கு 20 ரிங்கிட் கேட்டால் ஒரு வகுப்புக்கு 30 ரிங்கிட். பெட்ரோல் போக மிச்சம் 26. மூன்றால் வகுத்தால் மணிக்கு 8 ரிங்கிட் 67 காசு. குறைந்தபட்சச் சம்பளத்துக்கும் சற்றுக் கீழே.

• மணிக்கு 25 ரிங்கிட் கேட்டால், கையில் நிற்பது மணிக்கு ஏறக்குறைய 11 ரிங்கிட்.

பயணம் இல்லாமல் இணையம் வழி நடத்தினால், அல்லது மாணவரே வீடு தேடி வந்தால், கட்டணத்தைக் குறைக்க இடமுண்டு.

பெற்றோரின் கணக்கு

மணிக்கு 20 ரிங்கிட் என்றாலே, வாரம் ஒரு வகுப்புக்கு மாதம் 120 ரிங்கிட் ஆகிறது. மூன்று பாடங்களுக்கு 360. குறைந்தபட்சச் சம்பளம் வாங்கும் குடும்பத்துக்கு இது வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல்.

இதற்கு நல்ல வழி, சிறு குழு. ஒரே தோட்டத்தில் அல்லது ஒரே அடுக்குமாடியில் உள்ள நான்கு மாணவர்களைச் சேர்த்து, ஆளுக்கு மணிக்கு 8 ரிங்கிட் வாங்கினால், ஒரு குடும்பம் மாதம் 48 ரிங்கிட் மட்டுமே செலுத்தும். ஆசிரியருக்கோ, பெட்ரோல் போக மணிக்கு 14 ரிங்கிட்டுக்கு மேல் நிற்கும். நான்கு பேரின் தாள்களைத் திருத்தக் கூடுதல் நேரம் ஆகும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். மாணவர்களின் தரம் ஓரளவு ஒத்திருந்தால்தான் குழு வகுப்பு பலன் தரும்.

எப்போது கூட்டிக் கேட்கலாம்?

கூடுதல் கணிதம், இயற்பியல், வேதியியல் போன்ற பாடங்களுக்குத் தயாரிப்பு அதிகம். அதே பாடத்தில் ஏ அல்லது ஏ+ பெற்றிருந்தால், தேர்வு முடிவுத் தாளைக் காட்டிக் கேட்பதில் தவறில்லை. மலாய்மொழியும் வரலாறும் தேர்ச்சி பெற்றால்தான் எஸ்பிஎம் சான்றிதழ் கிடைக்கும் என்பதால், தவறும் நிலையில் உள்ள மாணவருக்கு அவற்றில் தனிக் கவனம் தேவைப்படும். முதல் மாணவரிடம் மிதமாகத் தொடங்கி, அடுத்த ஆண்டு புதிய மாணவர்களிடம் உயர்த்துவது முறை. தேர்வு நெருங்கும் நேரத்தில், படித்துக்கொண்டிருக்கும் பிள்ளையிடம் திடீரென உயர்த்துவது நம்பிக்கையைக் கெடுக்கும்.

முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டியவை

• கட்டணம் மாதத் தொடக்கத்திலா, ஒவ்வொரு வகுப்பு முடிவிலா?
• நகலெடுக்கும் செலவு யாருடையது?
• அன்றைய தினமே வகுப்பை ரத்து செய்தால் கட்டணம் உண்டா, மாற்று வகுப்பா?
• ஆசிரியருக்கே பல்கலைக்கழகத் தேர்வு வந்தால் வகுப்பு எப்படி?

இவற்றை வாட்ஸ்அப்பில் ஒரு செய்தியாக அனுப்பி வைத்தால் பின்னால் மனத்தாங்கல் வராது. "நம்ம பிள்ளைதானே" என்று உறவினர் கேட்கும்போது, இலவசமாக எடுப்பதென்றால் எத்தனை வகுப்புகள் என்று முதலிலேயே சொல்லிவிடலாம். பாதி விலைக்கு ஒப்புக்கொண்டு, பாதி மனத்தோடு பாடம் நடத்தினால் நட்டம் பிள்ளைக்குத்தான்.

கவனம்

"கட்டாயம் ஏ வாங்க வைக்கிறேன்" என்று வாக்குக் கொடுத்துக் கட்டணம் உயர்த்தக் கூடாது. உபகாரச் சம்பளம் பெறுவோர், வேலை செய்ய அனுமதி உண்டா என்று ஒப்பந்தத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். மாணவர் எண்ணிக்கை பெருகி, கடை வீட்டை வாடகைக்கு எடுத்து டியூஷன் மையமாக நடத்த நினைத்தால், 1996ஆம் ஆண்டு கல்விச் சட்டத்தின்படி கல்வி அமைச்சிடம் பதிவு செய்ய வேண்டும். மாவட்டக் கல்வி இலாகாவில் விவரம் கேட்டறியலாம்.