எழுத்துக் கூட்டுபவர்களின் புத்தகம்

திருவண்ணாமலை மாதிரியான கோயில் ஊர்களில், திருவிழாக் கடைவரிசையில் வளையலுக்கும் பொரிக்கும் பக்கத்தில் ஒரு காலத்தில் புத்தகமும் விற்றது. மட்டமான தாள், அட்டையில் பளிச்சென்று ஒரு படம், தலைப்பிலேயே விளம்பரம்: 'பெரிய எழுத்து நல்லதங்காள் கதை', 'பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதை'. சென்னையில் பி. இரத்தின நாயகர் அண்ட் சன்ஸ் போன்றவர்கள் இவற்றை அச்சடித்துத் தள்ளினார்கள். இலக்கிய வரலாறுகள் இவற்றைப் பெரிதாக மதித்ததில்லை.

கதையின் பெயருக்கு முன்னாலேயே எழுத்தின் அளவைச் சொல்லும் புத்தகம் யாருக்காக அச்சானது? எழுத்துக் கூட்டிப் படிப்பவருக்காக என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நல்லதங்காள் ஏழு பிள்ளைகளோடு கிணற்றுக்குப் போகப்போகிறாள் என்பது அவருக்கு முன்பே தெரியும். காதில் ஏற்கெனவே இருக்கும் கதையைக் கண் மெதுவாகப் போய்ப் பிடித்தால் போதும். சும்மா சொல்லக்கூடாது, கெட்டிக்கார ஏற்பாடு.

குழந்தைகளுக்கு இந்த வசதி வாய்க்கவில்லை. அழ. வள்ளியப்பாவின் பாட்டு இருந்தது, வாண்டுமாமாவின் கதைகள் இருந்தன. பாட்டைக் காதால் கேட்டே மனப்பாடம் பண்ணிவிடலாம். வாண்டுமாமாவுக்கு ஏற்கெனவே சரளமாகப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். நேற்றுத்தான் எழுத்துக் கூட்டப் பழகி, இன்று யார் துணையும் இல்லாமல் ஒரு கதையை முடிக்க நினைக்கும் ஏழு வயசுக்கு ரொம்பக் காலம் பாடப்புத்தகம்தான் கதி.

அமெரிக்காவில் இதே இடைவெளியைச் சொல்லெண்ணிக்கையால் அடைத்தார்கள். பள்ளி வாசிப்புப் புத்தகங்கள் சலிப்பூட்டுகின்றன என்று 1954-இல் ஜான் ஹெர்ஸி 'லைஃப்' இதழில் எழுதினார். 1957-இல் டாக்டர் சூஸின் 'தி கேட் இன் த ஹேட்' வந்தது; மொத்தமே 236 வெவ்வேறு சொற்கள். அதே வருஷம் மாரிஸ் செண்டாக்கின் படங்களோடு 'லிட்டில் பேர்'.

இந்தக் கணக்கைத் தமிழுக்கு அப்படியே கொண்டுவந்தால் உதைக்கும். 'கேட்டுக்கொண்டிருந்தாள்' எண்ணிக்கையில் ஒரே சொல்தான். கூட்டிப் படிக்கும் பிள்ளைக்கோ 11 எழுத்து. கடைசி எழுத்துக்கு வருவதற்குள் முதல் எழுத்து மறந்துபோகும். மூச்சைப் பிடித்து முடித்தாலும் கிடைப்பது அது வீட்டில் பேசாத ஒரு சொல். வீட்டில் அது 'கேட்டுட்டிருந்தா'. எழுத்தை எவ்வளவு பெரிசாக அச்சடித்தாலும் இந்தத் தூரம் குறையாது.

இதை இங்கே முதலில் பெரிய அளவில் சந்தித்தது பெரியவர்களுக்கான அறிவொளி இயக்கம் என்று நினைக்கிறேன். 1990-களின் தொடக்கத்தில் ஊர் ஊராக எழுத்துக் கற்றுக்கொடுத்தார்கள். அரிச்சுவடி முடிந்தது, அடுத்து என்ன படிக்கக் கொடுப்பது? மக்கள் சொன்ன கதைகளையே திரட்டிச் சின்னச் சின்ன நூல்களாக்கினார்கள். ச. தமிழ்ச்செல்வன், ச. மாடசாமி போன்றவர்களின் அறிவொளி அனுபவங்களைப் படித்தால், கற்பிக்கப் போனவர்கள் மக்களின் பேச்சிடம் கற்றுக்கொண்டு திரும்பியது தெரியும். தெரிந்த கதை, தெரிந்த சொல்: பெரிய எழுத்துக்காரர்கள் வியாபாரத்துக்காகச் செய்ததை இவர்கள் யோசித்துச் செய்தார்கள்.

பிள்ளைகளின் முறை வர இன்னும் முப்பது வருஷம் ஆனது. நடுவில் நல்ல படப்புத்தகங்கள் வராமல் இல்லை. ஜவ்வாது மலைப் பக்கத்துக் குக்கூ குழந்தைகள் வெளியின் 'தும்பி' இதழைப் படங்களுக்காகவே வாங்கலாம். ஆனாலும் அது பெரியவர் மடியில் உட்கார்ந்து கேட்கத்தான் அதிகம் பொருந்தும் என்பது என் எண்ணம். தனியாக வாசிப்பதற்கென்றே படிநிலை பிரித்து, 2023-இல் தொடங்கிய பள்ளிக்கல்வித்துறையின் வாசிப்பு இயக்கம் அரசுப் பள்ளிகளுக்குச் சிறு நூல்களைக் கொண்டுவந்தது. நிலைகளுக்கு வைத்த பெயர்களே அழகு: நுழை, நட, ஓடு, பற.

மிச்சமிருப்பது 'கொண்டிருந்தாள்' பஞ்சாயத்து. உரையாடலை மட்டும் பேச்சில் விட்டுவிட்டுக் கதை சொல்லும் வரியைப் புத்தகத் தமிழில் வைப்பது பழைய வழக்கம். என் கட்சி வேறு. 'நுழை'யில் 'கேட்டாள்' போதும். 'கொண்டிருந்தாள்' எல்லாம் 'ஓடு' வரைக்கும் காத்திருக்கட்டும். ஜவ்வாது மலையில் குடும்பத்திலேயே முதல் ஆளாகப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை அந்தச் சொல்லில் தடுக்கி நின்றால், எடுத்துச் சொல்ல வீட்டில் ஆளில்லை.