நால்வர் கூடிய திகில்

ஒரே அணியாக அருகருகே அமர்ந்து ஆடும் பழக்கத்தை, 2000களில் சைபர் கஃபேக்களில் ‘கவுண்டர்-ஸ்ட்ரைக்’ கணினி ஆட்டம் வளர்த்தது. அத்தகைய கூட்டாட்டத்தில் திகிலைக் கலந்தது வால்வ் நிறுவனத்தின் ‘லெஃப்ட் ஃபோர் டெட்’ (2008). ஓராண்டிலேயே, 2009 நவம்பர் 17இல், இரண்டாம் பாகம் வந்தது. இந்த அவசரத்தை எதிர்த்துப் பல்லாயிரம் பேர் புறக்கணிப்பு அறிவித்தனர். ஆட்டக்காரர்கள் இரண்டாகப் பிரிவார்கள் என்ற அவர்களின் அச்சம் நியாயமானதே.

ஆயினும் இரண்டாம் பாகம் முந்தையதை விஞ்சியது. வாணலியும் கோடரியும் ஆயுதமாயின. அமிலம் உமிழும் ‘ஸ்பிட்டர்’ என்ற எதிரி, அணியின் நால்வரும் ஒரே மூலையில் பதுங்குவதை முறியடித்தது. விலகி நடந்தவரின் தோளேறி இழுத்துச் சென்றது ‘ஜாக்கி’ என்ற இன்னொரு எதிரி. அணியின் நிலையறிந்து எதிரிகளை ஏவும் ‘டைரக்டர்’ மென்பொருள் ஒவ்வொரு சுற்றையும் மாற்றியது. கணினி இயக்கிய துணைவர்களே பெருங்குறை: அவர்கள் குண்டு வீசவில்லை, தனியாள் ஆட்டம் சோபிக்கவில்லை. முதல் பாகத்தின் களங்கள் அனைத்தும் 2012இல் இரண்டாம் பாகத்தில் இணைந்தன.