பாவாத மலைக்குப் போன பல்லக்கு

சிவனொளிபாத மலையை எங்கட புத்தளம் பக்கத்து மூத்தவர்கள் 'பாவாத மலை' என்பார்கள். பாவா ஆதம் மலை என்பதுதான் பேச்சில் அப்படித் தேய்ந்தது. கரைத்தீவுக் கரையில் நின்று எவ்வளவு எட்டிப் பார்த்தாலும் அந்த மலை தெரியாது. ஆனால் பெயர் பழையது. 1344இல் (ஹிஜ்ரி 745) இந்தக் கரையோரத்தில் வந்திறங்கிய இப்னு பதூதா, இங்குள்ளவர்கள் ஆதம் நபியை 'பாபா' என்றும் ஹவ்வாவை 'மாமா' என்றும் அழைப்பதாகத் தமது பயண நூலில் எழுதியிருக்கிறார்.

அவர் இறங்கிய 'பத்தாலா' புத்தளம்தான் என்பது ஆய்வாளர் பலரும் ஏற்ற முடிவு. மாலைதீவிலிருந்து மஃபருக்குப் போகப் புறப்பட்ட கப்பலைக் காற்று இங்கே கொண்டு வந்துவிட்டது. இது ஆரியச் சக்கரவர்த்தியின் கரை, கடற்கொள்ளைக்குப் பேர் போன இடம், இறங்க வேண்டாம் என்று மாலுமிகள் பயந்தார்கள். இப்னு பதூதா இறங்கினார். மஃபர் சுல்தானுக்குத் தான் உறவுமுறை என்று சொல்லித் தப்பினார். பிறகு பார்த்தால் அரசனுக்குப் பாரசீகம் விளங்குகிறது! மூன்று நாள் விருந்து, முத்து அன்பளிப்பு. உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டபோது, ஆதம் நபியின் பாதத்தைப் பார்க்க வேண்டும், வேறொன்றும் வேண்டாம் என்றார். அது லேசான காரியம் என்று சொன்ன அரசன் ஆட்களைச் சேர்த்தனுப்பினான்.

அந்த ஆட்கள் யார் யார் என்பதில்தான் எனக்கு அக்கறை. பல்லக்குத் தூக்கிகள், வருசா வருசம் அந்தப் பாதத்துக்கு யாத்திரை போகும் 4 யோகிகள், 3 பிராமணர், அரசனின் தோழர் 10 பேர், சாப்பாட்டுச் சாமான் சுமக்க 15 பேர். நடுவில் ஒரு மாலிக்கி மத்ஹப் காழி. சிலாபம் வழியாக இந்தக் கூட்டம் மலைக்குப் போய்த் திரும்பியது. பிராமணர் கண்டது ஒரு பாதம், காழி கண்டது வேறொரு பாதம். இந்த விசயத்தில் வழியிலே ஒரு வாக்குவாதம் நடந்ததாக, எதையும் விடாமல் எழுதுகிற அந்த மனிசர் எழுதவில்லை.

அவருக்கு ஐம்பது வருசம் முந்தி இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ இதையே வேறு விதமாகப் பதிந்தார்: மலையில் இருப்பது ஆதமின் கப்று என்று முஸ்லிம்கள் சொல்கிறார்கள், மற்றவர்கள் அதைச் சாக்கியமுனியின் நினைவிடம் என்கிறார்கள். பௌத்தருக்குப் புத்தர் பாதம், சைவருக்குச் சிவன் பாதம். போர்த்துக்கேயர் வந்த பின் தோமஸ் அப்போஸ்தலரின் பாதம் என்றும் ஒரு பேச்சு எழுந்தது. பாறையில் யாத்திரிகர் பொன்னும் மணியும் போடுவதற்கென்று வெட்டிய குழிகள் இருந்தன. பக்கீர்மார் ஹிழ்ர் குகைக்கு வந்து சேர்ந்ததும் அதை எடுக்க ஓட்டப் பந்தயம் வைப்பார்களாம். காணிக்கை யாருடைய பாதத்துக்குப் போட்டது என்று அந்த நேரத்தில் யார் விசாரிக்கப் போகிறார்கள்!

இந்த மனப்பாங்குக்குக் கல்லிலே ஒரு சாட்சி இருக்கிறது. 1911இல் காலியில் கண்டெடுத்த மும்மொழிக் கல்வெட்டு அது. சீனப் பேரரசரின் பேரில் 1409ஆம் ஆண்டுத் திகதியிட்டுக் கடற்படைத் தலைவர் செங் ஹோ கொண்டுவந்தது. சீனத்தில் புத்தருக்கும், தமிழில் தெனவரை நாயனாருக்கும், பாரசீகத்தில் அல்லாஹ்வுக்கும் புகழ் சொல்லிக் காணிக்கையைப் பட்டியலிடுகிறது. பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் என்று ஏறத்தாழ ஒரே பட்டியல். செங் ஹோ முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர், தகப்பன் ஹாஜி. மூன்றும் ஒன்று என்று அந்தக் கல் சொல்லவில்லை. ஒவ்வொருவரோடும் அவரவர் மொழியில் கதைக்கிறது, அவ்வளவுதான். ஒரு பகுதியின் மொழி தெரிந்தவருக்கு மற்ற இரண்டிலும் என்ன எழுதியிருக்கிறது என்றே தெரிந்திருக்காது.

மத ஒப்பீடு என்றதும் இன்றைக்கு எங்கட பொடியன்மாருக்கு ஞாபகம் வருவது விவாத மேடை. அஹ்மத் தீதாத் 1986இல் அமெரிக்காவில் ஜிம்மி ஸ்வாகர்ட்டோடு நடத்திய விவாதத்தை எத்தனை பேர் கசற்றில் பார்த்திருப்போம்! தீதாத் பைபிளை வரிக்கு வரி படித்தவர். கசற்றைப் பார்த்துக் கைதட்டிய நாங்கள் படித்தோமா? எங்கட பாரம்பரியத்திலே இதற்கு வேறொரு முன்மாதிரி உண்டு. 1030ஆம் ஆண்டளவில் 'கிதாபுல் ஹிந்த்' எழுதிய அல்பீரூனி சமஸ்கிருதம் கற்றார், பதஞ்சலியை அரபுக்குக் கொண்டுவந்தார். தன்னுடையது மறுப்பு நூல் அல்ல, இந்துக்கள் சொல்வதை அவர்கள் சொல்கிறபடியே தருகிறேன் என்று முன்னுரையில் எழுதினார். படித்தவர்களின் கொள்கையையும் பாமரரின் வழக்கத்தையும் பிரித்துப் பார்த்தார். தங்கட அறிஞரை எடுத்து அடுத்தவனின் பாமரனோடு ஒப்பிடுகிற குறுக்குவழி அவரிடம் இல்லை. பௌத்தர் ஒருவரையும் தான் சந்திக்கவில்லை, அவர்கள் நூலும் கிடைக்கவில்லை என்றும் ஒத்துக்கொண்டார். நாங்களோ பௌத்தரோடு ஆயிரம் வருசமாக ஒரே தீவில் இருக்கிறோம். திரிபிடகத்தில் என்ன இருக்கிறது என்று அவர்களிடம் கேட்டுப் படித்தவர்கள் எங்களில் எத்தனை பேர்?

2019க்குப் பிறகு இந்தக் கேள்வி ஏட்டுக் கேள்வி அல்ல. அந்த ஜனவரியில் வெடிபொருட்கள் அகப்பட்டது எங்கட வனாத்தவில்லுவில், ஒரு தென்னந்தோட்டத்தில். ஏப்ரல் 21இல் தேவாலயங்களில் ஈஸ்டர் தொழுகைக்கு வந்த சனம் கொல்லப்பட்டது. மே மாதம் எங்கட மாவட்டத்திலேயே பள்ளிகளும் கடைகளும் தாக்கப்பட்டன, கொட்டாரமுல்லையில் ஒரு முஸ்லிம் கொல்லப்பட்டார். ஒன்றாக வாழ்ந்தவர்கள்தானே என்று பிறகு எல்லாரும் சொன்னோம். ஒன்றாக வாழ்ந்ததும் ஒருவரை ஒருவர் அறிந்ததும் ஒன்றா?

பழைய காலத்தைப் பால்போலக் காட்டவும் எனக்கு விருப்பமில்லை. அதே பயணத்தில் இப்னு பதூதா குனகார் என்ற தலைநகருக்குப் போகிறார். அது குருநாகல் என்பாருமுண்டு, கம்பளை என்பாருமுண்டு. ஊருக்கு வெளியே ஷைகு உத்மான் ஷீராஸியின் பள்ளி. அந்த ஊர் அரசனும் சனமும் அவரைப் போய்ச் சந்தித்துக் கண்ணியப்படுத்துவார்கள். பாதமலைக்கு வழிகாட்டியாக இருந்தவர் அவர். ஒருநாள் மாட்டை அறுத்தார். அதற்குத் தண்டனை மரணம். அவர்மேல் வைத்த மரியாதையினால் உயிரை விட்டுவிட்டு ஒரு கையையும் ஒரு காலையும் வெட்டினார்கள். பிறகு ஒரு சந்தையின் வரி வருமானத்தை அவருக்கே எழுதிக் கொடுத்தார்கள்.

கண்ணியமும் தண்டனையும் ஒரே கைகளிலிருந்து வந்தன. அவரை அவர்கள் வெறுக்கவில்லை. அவருக்கு ஹலாலானது அவர்களுக்குக் கொலை என்பதை இரண்டு பக்கத்தாரும் அன்றைக்குத்தான் நேருக்கு நேர் கண்டிருப்பார்கள் போலும். இப்னு பதூதா அங்கே போனபோது ஷைகால் மலையேற முடியவில்லை. யாத்திரிகரை ஏற்றிக்கொண்டு போனவர்கள் அவருடைய பிள்ளைகளும் அடிமைகளும்.