ஏக்கருக்கு எத்தனை லோடு தொழு உரம்? அளவிடும் முறையும் சரிசெய்யும் முறையும்

குப்பம்: ஆந்திரம், கர்நாடகம், தமிழ்நாடு ஆகிய மூன்று மாநிலங்களின் எல்லைகள் கூடும் பகுதியில், சித்தூர் மாவட்டத்தில் அமைந்துள்ளது குப்பம். நிலக்கடலை, கேழ்வரகு, தக்காளி, மல்பெரி ஆகியவை விளையும் இப்பகுதியில் கறவை மாடு வளர்ப்பும் நடைபெறுகிறது. மாட்டுத் தொழுவத்தில் சேரும் எரு பெரும்பாலும் "லோடு" கணக்கிலேயே வயலுக்குச் செல்கிறது. ஆனால், ஒரு லோடின் எடை வண்டிக்கு வண்டி, ஈரத்துக்கு ஈரம் மாறுபடும்.

உரம் குறைந்தால் விளைச்சல் பாதிக்கப்படும். அளவுக்கு மிஞ்சினால், பயிர் எடுத்துக்கொள்ளாத தழைச்சத்து நைட்ரேட்டாக மாறி நிலத்தடி நீரில் கலக்கும். நைட்ரேட் மிகுந்த நீர், பச்சிளம் குழந்தைகளின் இரத்தம் ஆக்சிஜனை ஏந்திச் செல்லும் திறனைக் குறைக்கக் கூடியது. குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராம் நைட்ரேட் என்பதே இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் உச்சவரம்பு.

பரிந்துரை என்ன?

நிலக்கடலைக்கு ஹெக்டேருக்கு 12.5 டன், தக்காளிக்கு 25 டன் தொழு உரம் இடுமாறு தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது. ஏக்கர் கணக்கில் இவை முறையே சுமார் 5 டன், 10 டன் ஆகும்.

லோடின் எடையை அறிதல்

வண்டியை எடை மேடையில் காலியாக ஒரு முறையும் நிரப்பி ஒரு முறையும் எடையிடுவதே துல்லியமான வழி. நிகர எடை 2.5 டன் எனில், நிலக்கடலைக்கு ஏக்கருக்கு 2 லோடு போதும்.

எடை மேடை இல்லாத இடத்தில் 20 லிட்டர் வாளி உதவும். ஒரு கன மீட்டர் என்பது 50 வாளி. வாளி கொள்ளும் எரு 10 கிலோ எனில், கன மீட்டருக்கு 500 கிலோ. 3 மீட்டர் நீளம், 1.8 மீட்டர் அகலம், 0.6 மீட்டர் உயரம் கொண்ட டிரெய்லரில் விளிம்பு வரை நிரப்பினால் 1,620 கிலோ வரும்.

வயலில் சரிபார்த்தல்

2 மீட்டர் நீள, அகலம் கொண்ட தார்ப்பாயை வயலில் விரித்து, வழக்கம்போல் எருவைத் தூவ வேண்டும். அதில் விழுந்தது 5 கிலோ எனில், அளவு ஏக்கருக்கு 5 டன். 8 கிலோ எனில், 8 டன். மூன்று, நான்கு இடங்களில் சோதித்துச் சராசரி காண்பது நல்லது. குவியலாகக் கொட்டிப் பின்னர் பரப்புவோர், 5 மீட்டர் இடைவெளியில் 31 கிலோ குவியல்களை வைத்தால் இதே அளவு கிடைக்கும்.

ரசாயன உரத்தைக் குறைத்தல்

நன்கு மக்கிய தொழு உரத்தில் சுமார் 0.5 சதவீதம் தழைச்சத்து, 0.2 சதவீதம் மணிச்சத்து, 0.5 சதவீதம் சாம்பல் சத்து உள்ளன. 5 டன்னில் தழைச்சத்து 25 கிலோ. அதில் ஏறத்தாழ 30 சதவீதமே, அதாவது 7.5 கிலோ மட்டுமே, முதல் பயிருக்குக் கிடைக்கும். யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து இருப்பதால், இது சுமார் 16 கிலோ யூரியாவுக்குச் சமம். அந்த அளவு யூரியாவைப் பரிந்துரையிலிருந்து கழித்துக்கொள்ளலாம். எஞ்சிய சத்து அடுத்தடுத்த பயிர்களுக்கு மெல்லக் கிடைக்கும்.

கோழி எருவுக்கு இக்கணக்கு பொருந்தாது. அதில் தழைச்சத்து சுமார் 3 சதவீதம், தொழு உரத்தைப் போல் ஆறு மடங்கு. மணிச்சத்தும் மிகுதி என்பதால், தொழு உரத்தின் அளவிலேயே கோழி எருவை ஆண்டுதோறும் இட்டால் மண்ணில் மணிச்சத்து தேங்கும்.

கவனிக்க வேண்டியவை

மக்காத எருவில் களை விதைகளும், நிலக்கடலையின் வேரைத் தாக்கும் வேர்ப்புழுக்களும் இருக்கலாம். தூவிய எருவை அன்றே உழுது மண்ணில் கலக்காவிட்டால், தழைச்சத்தின் ஒரு பகுதி அம்மோனியாவாகக் காற்றில் வெளியேறிவிடும்.

பரிந்துரை அளவு பொதுவானது. தன் நிலத்துக்கு ஏற்ற அளவை அறிய மண் பரிசோதனை அவசியம். 2015-ஆம் ஆண்டு பிப்ரவரி 19 அன்று மத்திய அரசு தொடங்கிய மண் வள அட்டைத் திட்டத்தில், தழை, மணி, சாம்பல் சத்துகள், கரிமக் கார்பன் உள்ளிட்ட 12 கூறுகள் கணக்கிடப்படுகின்றன. அட்டையில் மணிச்சத்து மிகுதி எனக் காட்டும் நிலத்தில் எருவைக் கூட்டுவதைத் தவிர்த்து, கரிமக் கார்பன் குறைந்த நிலத்துக்கு முன்னுரிமை அளிக்கலாம்.