போர்வையும் புகையிலையும்

நியூசிலாந்தின் ஆதிக்குடிகளான மாவோரி மக்கள் ஐரோப்பியர் வருமுன் புகையிலையை அறியார். 1769இல் குக்கின் கப்பலோடு அது அக்கரையில் இறங்கிற்று. 1840 மாசியில், வைத்தாங்கி என்னுமிடத்தில் பிரித்தானிய முடியோடு உடன்படிக்கை செய்த தலைவர்களுக்கு, கையொப்பமிட்டதும் ஆளுக்கு இரண்டு போர்வையும் சிறிதளவு புகையிலையும் வழங்கப்பட்டன. போர்வை கந்தலாகியிருக்கும், புகையிலை நிலைத்துவிட்டது. 2006ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி, வயதுவந்த மாவோரியருள் 42 வீதமானோர் புகைப்பவர்கள். நாடு முழுவதையும் எடுத்துக்கொண்டால் அது 21 வீதமே.

இதனை ஓர் இனத்தின் பழக்கக் குறைபாடென்று கூறி அமைவது எளிது. புகைப்பவனுக்குப் புத்தி சொல்வோர் விற்பவனிடம் கணக்குக் கேட்பதில்லை. விற்பவனோ அம்மக்களின் பெயரையும் விட்டுவைக்கவில்லை. 2005இல் பிலிப் மொரிஸ் கம்பனியின் சிகரெட் ஒன்று இஸ்ரேலில் 'மாவோரி மிக்ஸ்' என்ற பெயரோடு விற்கப்படுவது தெரியவந்தது. மாவோரியர் கொதித்தெழுந்தனர், மறு ஆண்டு கம்பனித் தலைவர் மன்னிப்புக் கோர நேர்ந்தது.

இவ்வரலாற்றில் நாம் ஊன்றிக் கவனிக்கவேண்டியது 2010ஆம் ஆண்டு விசாரணையாகும். புகையிலை உற்பத்தியையும் விற்பனையையும் அடியோடு தடைசெய்ய வேண்டுமென வாதாடியவர் மாவோரிக் கட்சி உறுப்பினர் ஹோனே ஹராவிரா. பாராளுமன்றத்தின் மாவோரி விவகாரத் தெரிவுக்குழு, புகைப்பவரை அன்று, புகையிலைத் தொழிலையே விசாரணைக்குரிய பொருளாக்கிற்று. கம்பனி அதிகாரிகள் வந்து பதிலிறுத்தனர். நோயாளியே வழக்காளியாக மாறிய சந்தர்ப்பம் அது. 2025க்குள் நாட்டைப் புகையற்றதாக்குவதென்ற இலக்கை அரசு 2011இல் ஏற்றமைக்கு அவ்வறிக்கையே காரணம்.

2022 மார்கழியில் சட்டமும் பிறந்தது. 2009 தை முதலாந் திகதியிலும் அதன் பின்னரும் பிறந்த எவருக்கும் சிகரெட் விற்கலாகாது. ஏறத்தாழ 6000 விற்பனை நிலையங்கள் 600 ஆகவேண்டும். சிகரெட்டில் நிக்கொட்டின் மிகச் சிறிதளவே இருக்கலாம்.

இவற்றுள் ஒன்றேனும் நடைமுறைக்கு வரவில்லை. 2023இன் இறுதியில் பதவியேற்ற கூட்டரசாங்கம், 2024 மாசியில் அவசர நடைமுறையின்கீழ் இவற்றை நீக்கியது. தெரிவுக்குழு விசாரணை இல்லை. பொதுமக்கள் சாட்சியமும் இல்லை. சிகரெட் வரி வருமானம் வரிக்குறைப்புக்கு உதவும் என்று நிதியமைச்சரே வெளிப்படையாகக் கூறியிருந்தார். அவ்வருமானத்தில் மாவோரியர் செலுத்தும் பங்கு அவர்தம் தொகையை விஞ்சியது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

அதே ஆண்டு ஆடியில், எரிக்காமற் சூடாக்கிப் புகைக்கும் புகையிலைப் பொருள்களின் தீர்வை பாதியாகக் குறைக்கப்பட்டது. புகைப்போர் சிகரெட்டைக் கைவிட அது உதவும் என்பது அரசு சொன்ன காரணம். அப்பொருளை அந்நாட்டில் விற்றுவந்த பிரதான கம்பனி பிலிப் மொரிஸ்.