பி.பி. என்னும் இரண்டு எழுத்துகள்

உலு லங்காட் மலைச்சாரலில் பிறந்து, காஜாங்கையும் பாங்கியையும் கடந்து, கடலை நோக்கிச் சமவெளியில் நிதானமாக நடக்கத் தொடங்கும் லங்காட் நதியின் கரையிலே அமைந்த டெங்கில் என்னும் சிற்றூரைச் சர்வதேச ஒத்துழைப்பின் சரித்திரத்தோடு சேர்த்துப் பேசுவது சிலருக்கு மிகையாகத் தோன்றலாம். பிரகடனங்கள் பிறப்பது மாநாட்டு மண்டபங்களில் அல்லவா என்று அவர்கள் கேட்கக்கூடும். ஆயினும் மலேசியா உலக சபைகளில் அளித்த வாக்குறுதிகள் எந்த மண்ணில் எவ்வாறு பலித்தன என்று பார்க்க விரும்புகிறவர், டெங்கில் முக்கிமில் அடங்கியிருந்த ஒரு கித்தாத் தோட்டத்திலிருந்து தொடங்குவதே முறை.

முதல் உலகப் போரில் பங்கெடுத்துத் திரும்பிய பிரிட்டிஷார் சிலர் 1921ஆம் ஆண்டில் இங்கே காடு திருத்தித் தோட்டம் ஒன்றை ஸ்தாபித்து, தாங்கள் கண்ட மகாயுத்தத்தின் நினைவாக அதற்கு மலாய் மொழியில் பிராங் பெசார் என்று பெயரிட்டனர். 800 ஏக்கரில் தொடங்கிய அது பிற்காலத்தில் 8,000 ஏக்கராக விரிந்தது. அதன் லயங்களில் குடியேறியவர்களில் பெரும்பாலோர் தமிழர். அக்காலத்துத் தோட்டங்கள் அனைத்துக்கும் பொதுவான இச்செய்தியை விரித்துரைக்கத் தேவையில்லை. விரித்துரைக்க வேண்டியது அந்தத் தோட்டத்தில் நடந்த மரத் தேர்வு.

விதையிலிருந்து முளைத்த ரப்பர் மரங்கள் ஒன்றுபோல் ஒன்று இருப்பதில்லை. ஒரு மரம் மங்கு நிரம்பி வழியுமாறு பால் சுரக்க, அதன் அருகிலேயே நிற்கும் மற்றொன்று மங்கின் அடியை நனைப்பதோடு நின்றுவிடும். ஆகவே நன்றாகச் சுரக்கும் தாய்மரத்தின் மொட்டை எடுத்து, இளங்கன்றின் பட்டையைக் கீறி உள்ளே பதித்துக் கட்டி, அது பிடித்துக்கொண்டபின் கன்றின் தலையை வெட்டிவிட்டால், அம்மொட்டிலிருந்து எழும் மரம் தாயின் குணங்களை அப்படியே பெற்றுவிடுகிறது. இந்த ஒட்டுக்கட்டும் முறையினால் பிராங் பெசாரில் தேர்ந்தெடுக்கப்பட்ட வகைகளுக்குத் தோட்டத்தின் முதலெழுத்துகளான பி.பி. என்பதோடு ஓர் எண்ணும் சேர்த்துப் பெயரிடப்பட்டது. அவற்றுள் பி.பி. 86 கேரளத்துக்கும் இலங்கைக்கும் சென்று பெருவாரியாக நடப்பட்டது. எந்த மரம் தாராளமாகச் சுரக்கும், எது கஞ்சத்தனம் செய்யும் என்பதை விடியற்காலைப் பெரட்டு முடிந்து கத்தியோடு நிரைக்குச் சென்ற வெட்டுக்காரரே முதலில் அறிந்திருக்க வேண்டும். ஆனால் மரவகைகளில் ஒன்றேனும் அவர்களில் ஒருவர் பெயரைத் தாங்கவில்லை.

ஆசியாவின் ரப்பர்த் தோட்டங்களெல்லாம் பெரும்பாலும் 1876இல் விக்கம் என்பவர் பிரேசிலிலிருந்து கொண்டுபோன விதைகளின் வழிவந்தவை. இவ்வளவு குறுகிய வம்சத்தை, தென் அமெரிக்காவில் மரங்களைப் பாழாக்கிய இலைக்கருகல் நோய் இங்கே வந்து தாக்கினால் என்ன ஆகும் என்ற அச்சம் விஞ்ஞானிகளை விட்டு நீங்கவே இல்லை. அதனால் 1974இல் ரப்பர் விளையும் நாடுகள் தத்தம் ஒட்டுவகைகளைப் பரஸ்பரம் பரிமாறிக்கொண்டன. 1981இல் அமேசான் காடுகளுக்கு ஒரு கூட்டுக் குழு சென்று புதிய விதைகளைச் சேகரித்தது. சேகரித்தவற்றில் பாதி பிரேசிலிலேயே தங்க, மீதியில் பெரும்பகுதி மலேசியாவுக்கும் எஞ்சியது ஐவரி கோஸ்டுக்கும் பங்கிடப்பட்டது. நிலைத்த அபிவிருத்தி என்ற சொற்றொடர் 1987இன் புருண்ட்லாந்து அறிக்கையால் பிரபலமடைவதற்கு முன்பே அதன் காரியம் இவ்வாறு நடந்துகொண்டிருந்தது.

பின்னர் பிரகடனங்களின் காலம் வந்தது. 1989 அக்டோபரில் காமன்வெல்த் தலைவர்கள் லங்காவித் தீவில் சுற்றுச்சூழல் பிரகடனம் வெளியிட்டனர். 1992 ஏப்ரலில் வளரும் நாடுகளின் அமைச்சர்கள் கோலாலம்பூரில் கூடி, செல்வ நாடுகள் பொருளும் தொழில்நுட்பமும் தந்து உதவவேண்டும் என்று கேட்டனர். அவ்வாண்டு ஜூனில் ரியோ மாநாட்டில் தன் நிலப்பரப்பில் பாதியையேனும் காடாகக் காப்பதாக மலேசியா உறுதி கூறியது. மறுவருஷமே புத்ராஜெயா என்னும் புதிய நிர்வாகத் தலைநகருக்குப் பிராங் பெசார் நிலம் தெரிவு செய்யப்பட்டது. சாவ், பீசா என்னும் சிற்றாறுகளின் நீரைச் சுத்திகரிக்க 24 பாத்திகள் கொண்ட செயற்கைச் சதுப்பு நிலம் 1998இல் அங்கே நிறைவெய்தியது. நாணலும் கோரையும் நட்டு அழுக்கை வடிகட்டும் அந்த ஏற்பாட்டை நான் குறைவாக மதிப்பிடவில்லை. புத்ராஜெயாவின் ஏரி கலங்காமல் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

டெங்கிலின் மறுபுறத்தில், ஈயலம்பங்கள் தோண்டிக் கைவிட்ட குட்டைகள் பாயா இண்டா என்ற பெயரில் பதினான்கு ஏரிகள் உள்ள காப்பகமாயின. போட்ஸ்வானா நாடு நட்புறவுக்கு அடையாளமாக அளித்த நீர்யானைகள் அங்கே வாழ்கின்றன; லங்காட் கரைக்கு ஆப்பிரிக்க நீர்யானை எதற்கு என்று கேட்பவர் ராஜதந்திரம் அறியாதவர்.

நீர்யானைக்கு ஏரி கிடைத்தது. தலைநகருக்கு இடம்விடப் பிராங் பெசார், கேலோவே, செட்ஜ்லி, மெடிங்லி தோட்டங்களிலிருந்து அகற்றப்பட்ட நூற்றுக்கணக்கான குடும்பங்கள் டெங்கிலில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்கு அனுப்பப்பட்டன. சில காலத்தில் சுவர்களில் விரிசல் கண்டது. தரை வீடு தருவதாகச் சொல்லியே தங்களைக் கிளப்பினார்கள் என்பது அவர்கள் பல்லாண்டுகளாகச் சொல்லிவரும் முறையீடு. அவர்கள் பால் வெட்டிய மண்ணில் இன்று அமைச்சகங்கள் எழுந்து நிற்கின்றன. வெளிநாட்டுப் பிரதிநிதிகள் அங்கே வந்து ஒப்பந்தங்களில் கையெழுத்திட்டுச் செல்கிறார்கள். தோட்டத்தின் பெயர் மட்டும் பி.பி. என்று இரண்டு எழுத்துகளாகச் சுருங்கி, வேற்று நாட்டு நாற்றுமேடைகளில் எண்களோடு சேர்த்து எழுதப்படுகிறது.