கடலில் உயிர் காத்தவர்கள்

யூபிலி மலருக்கு நம்மிடமும் ஒரு கட்டுரை வேண்டும் என்று மலர்க்குழு இளைஞர்கள் வந்து கேட்டபோது, "கடலில் உயிர் காத்தவர்களின் வரலாற்றை எழுதித் தருகிறோம்" என்றோம். அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "அம்மாபேட்டைக்கும் கடலுக்கும் என்ன சாமி சம்பந்தம்?" என்று அவர்களில் ஒருவர் துணிந்து கேட்டே விட்டார்.

கேள்வி நியாயமானதுதான். தறியையும் பாவையும் நம்பி வாழ்கிற ஊர் நம்முடையது. ஏரி என்றால் குமரகிரி ஏரி, ஆறு என்றால் மேட்டூரில் போய்ப் பார்க்கிற காவிரி. அதற்கு மேல் நீரோடு நமக்குப் பழக்கமில்லை. ஆனால் வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொள்ளாத கத்தோலிக்கக் குடும்பம் நம் பங்கில் உண்டா? நம் மக்களில் பலர் வாழ்க்கையில் முதன்முதல் கடலைக் கண்டதே அந்தத் திருத்தலத்துக் கரையில்தான். அந்த ஆலயத்தின் தொடக்கமோ, கடலில் நடந்த ஒரு மீட்பு என்று மரபு சொல்கிறது. வங்கக் கடலில் புயலில் சிக்கிய போர்த்துக்கீசிய மாலுமிகள் தேவ அன்னையை வேண்டிக்கொண்டு, செப்டம்பர் 8-ஆம் நாள், அன்னையின் பிறந்தநாள் அன்று, வேளாங்கண்ணிக் கரையில் உயிரோடு வந்து சேர்ந்தார்கள். நன்றியாகக் கோயில் எழுப்பினார்கள். 1962-இல் திருத்தந்தை இருபத்துமூன்றாம் அருளப்பர் அதைப் பேராலயமாக உயர்த்தினார்.

இன்னொரு தொடர்பும் உண்டு. இதை நம்மில் பலர் அறிந்திருக்க மாட்டார்கள். நம் சேலம் மறைமாவட்டம் 1930 மே 26-ஆம் நாள் நிறுவப்பட்டது. மேதகு பிரூனியே ஆண்டகை அதன் முதல் ஆயர். அதே நாளில் தெற்குக் கோடியில் இன்னொரு மறைமாவட்டமும் பிறந்தது. அதுதான் கன்னியாகுமரிக் கடலோரத்தைத் தன்னகத்தே கொண்ட கோட்டாறு. மேதகு லாரன்ஸ் பெரைரா ஆண்டகை அதன் முதல் ஆயர். ஒன்று மலை சூழ்ந்த சமவெளி, மற்றொன்று அலை சூழ்ந்த கரை. ஒரே நாளில் பிறந்த இரட்டையரில் ஒருவர் வீட்டில் இழவு விழுந்தால் மற்றவருக்குத் தெரிய வேண்டாமா? நாம் இக்கட்டுரை எழுதத் துணிந்த காரணம் இதுவே.

கடலில் மீட்பு என்பது வெறும் துணிச்சல் அன்று. திருத்தூதர் பணியில் புனித சின்னப்பர் சென்ற கப்பல் உடைந்த வரலாற்றைப் படித்தவர்களுக்கு இது விளங்கும். நடு இரவில் மாலுமிகள் குண்டுநூல் விட்டு ஆழம் பார்க்கிறார்கள். முதலில் இருபது பாகம், சிறிது தூரம் போனதும் பதினைந்து பாகம். கரை நெருங்குகிறது, பாறையில் மோதப் போகிறோம் என்று கண்டு பின்புறமிருந்து நான்கு நங்கூரங்களை இறக்குகிறார்கள். பிறகு அதே மாலுமிகள் தாங்கள் மட்டும் தப்பப் படகை இறக்கியபோது, அவர்கள் கப்பலில் இல்லாவிட்டால் ஒருவரும் பிழைக்க முடியாது என்று சின்னப்பர் நூற்றுவர் தலைவனிடம் சொல்லித் தடுக்கிறார். அவர் விண்ணகத்துத் தூதனைக் கண்டவர். எல்லாரும் பிழைப்பர் என்ற வாக்கைப் பெற்றவர். ஆனாலும் தொழில் தெரிந்தவன் கப்பலை விட்டுப் போகக் கூடாது என்கிறார்! கப்பலில் இருந்த 276 பேரும் கரை சேர்ந்தார்கள். குருமடத்தில் நமக்கு இப்பகுதியைக் கற்பித்தவர்கள் சின்னப்பரின் விசுவாசத்தை விளக்கினார்கள். குண்டுநூல் விட்டவர்களைப் பற்றி அதிகம் சொல்லவில்லை.

நம் தமிழ்க் கரையில் அந்தக் குண்டுநூல்காரர்களின் பரம்பரை மிகப் பழையது. சென்னையில் துறைமுகம் கட்டப்படுவதற்கு முன், அதாவது 1870-களுக்கு முன், கப்பல்கள் கரைக்கு வர முடியாது. தொலைவிலேயே நங்கூரமிட்டு நிற்கும். ஆட்களையும் சரக்கையும் கரை சேர்த்தது மசூலாப் படகு. ஆணி அடிக்காமல், பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்துக் கட்டிய படகு அது. அலை அடித்தால் உடையாமல் வளைந்து கொடுக்கும். அந்தப் படகுகளின் கூடவே கட்டுமரங்களும் போகும். படகு கவிழ்ந்தால் பாய்ந்து பிடித்துத் தூக்க வேண்டியது கட்டுமரக்காரர்களின் வேலை. உயிர் காத்த கட்டுமரக்காரர்களுக்கு ஆங்கில அரசு பதக்கமும் வெகுமதியும் தந்ததுண்டு. கட்டுமரம் என்ற சொல் ஆங்கில அகராதியில் ஏறி உலகெங்கும் வழங்குகிறது. பதக்கம் வாங்கிய மனிதரின் பெயர்களோ பெரும்பாலும் மறைந்து போயின.

விடுதலைக்குப் பிறகு நெடுங்காலம் இதற்கென்று தனிப் படை இல்லை. 1977 பிப்ரவரி 1-ஆம் நாள் கடற்படையிடமிருந்து பெற்ற இரண்டு கப்பல்களையும் ஐந்து ரோந்துப் படகுகளையும் கொண்டு இந்தியக் கடலோரக் காவல்படை தொடங்கியது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் முறைப்படி சட்டமும் வந்தது. "காப்போம் நாங்கள்" என்பதே அதன் வடமொழி முழக்கத்தின் பொருள். மும்பை, சென்னை, போர்ட் பிளேர் ஆகிய மூன்று இடங்களில் மீட்பு ஒருங்கிணைப்பு மையங்கள் இயங்குகின்றன. கடலில் ஆபத்து என்றால் 1554 என்ற எண்ணுக்குத் தகவல் சொல்லலாம்.

படையினரும் மீனவரும் தனித்தனியே செய்ததை ஒரே கப்பலில் கண்டது 2012-ஆம் ஆண்டு. அந்தக் கப்பலின் பெயரைக் கேட்டால் நம் சேலத்தார் நிமிர்ந்து உட்காருவார்கள்: 'பிரதிபா காவேரி'. நீலம் புயல் கரை கடந்த அக்டோபர் 31 அன்று, சென்னைத் துறைமுகத்துக்கு வெளியே நின்ற அந்த எண்ணெய்க் கப்பல் நங்கூரத்தோடு இழுபட்டுப் பெசன்ட் நகர்க் கரையோரம் தரை தட்டியது. கப்பலில் 37 பேர். அவர்களில் 22 பேர் உயிர்காக்கும் படகில் இறங்கினர். அது அலையில் கவிழ்ந்தது. புயலடிக்கும் கடலில் யாருடைய உத்தரவுக்கும் காத்திராமல் அக்கரையின் குப்பத்து மீனவர்கள் இறங்கி, தத்தளித்தவர்களை இழுத்துக் கரை சேர்த்தார்கள். எல்லாரையும் காக்க முடியவில்லை. ஆறு பேர் இறந்தனர். கப்பலிலேயே நின்றுவிட்ட 15 பேரை மறுநாள் கடலோரக் காவல்படை ஹெலிகாப்டரில் தூக்கிக் காத்தது. காற்றில் ஆடும் கயிற்றில் ஆளைக் கட்டி ஒவ்வொருவராக மேலே இழுப்பது, விமானிக்கு ஒரு கை தவறினாலும் எல்லாரும் போகிற வேலை.

இனி, நம் மனத்தை உறுத்துகிற பகுதிக்கு வருகிறோம்.

2017 நவம்பர் 30. திருச்சபை நாட்காட்டியில் அது, நம் பெரியவர்கள் பெலவேந்திரர் என்று அழைக்கும் புனித அந்திரேயாவின் திருநாள். இராயப்பரின் தம்பி, கலிலேயக் கடலில் வலை வீசியவர். அன்றுதான் ஒக்கி புயல் குமரி முனையைக் கடந்தது. ஒக்கி என்பது வங்காளதேசம் தந்த பெயர்; வங்க மொழியில் 'கண்' என்று பொருளாம். அந்தக் கண்ணுக்கு எதிரே நம்மவர்கள் கண்ணைக் கட்டி விட்டதுபோல் நின்றார்கள். முந்தின நாள் வரை தாழ்வு மண்டலம் என்றே பேசப்பட்டது. புயல் என்ற சொல் வந்தபோது அது தலைக்கு மேல் வந்துவிட்டது. நாட்டுப்படகில் அன்று காலை போனவர்கள் ஒருபுறம். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி முதலிய ஊர்களின் ஆழ்கடல் விசைப்படகுக்காரர்கள் மறுபுறம். சுறா தேடி வாரக்கணக்கில் கடலில் தங்குகிறவர்கள். அவர்களின் வயர்லெஸ் எட்டும் தூரத்தைத் தாண்டி அவர்கள் இருந்தார்கள்.

தூத்தூர் வட்டாரப் பங்குகள் அரசு எல்லையில் தமிழ்நாடு; திருச்சபை எல்லையில் திருவனந்தபுரம் லத்தீன் உயர்மறைமாவட்டம். அப்போது அங்கே பேராயராக இருந்த மேதகு சூசைபாக்கியம் ஆண்டகையே அக்கரையின் மார்த்தாண்டன்துறையில் பிறந்தவர். இரு மாநிலங்களுக்கு நடுவே கிடந்த அந்தப் பங்குகளின் குருக்கள், எந்தப் படகில் எத்தனை பேர் போனார்கள், எத்தனை பேர் திரும்பினார்கள் என்று வீடுவீடாகக் கேட்டுப் பெயர்ப் பட்டியல் எழுதினார்கள். அரசாங்கக் கணக்கும் பங்குக் கணக்கும் பல நாள் பொருந்தவில்லை. ஞானஸ்நானப் புத்தகமும் கல்யாணப் புத்தகமும் எழுதிப் பழகிய கைகள் இந்தக் கணக்கையும் எழுத நேர்ந்ததை நினைத்தால், அதே தொழிலில் இருக்கிற நமக்கு வயிறு கலங்குகிறது.

கப்பல்களும் விமானங்களும் தேடின, பலரைக் காத்தன. சில படகுகள் லட்சத்தீவில் ஒதுங்கின. சில மராட்டியத்தின் தேவ்கட் துறைமுகம் வரை போய்ச் சேர்ந்தன. ஆனால் தேடுகிற இடம் போதாது, இன்னும் ஆழத்துக்குப் போங்கள் என்று கரையில் நின்ற மீனவர்கள் மன்றாடினார்கள். காற்று இத்தனை மணி நேரம் இந்தத் திசையில் அடித்தால், இயந்திரம் நின்ற படகை நீவாடு எங்கே கொண்டுபோயிருக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். நீவாடு என்றால் கடலின் நீரோட்டம். நம் தறிக்காரர் இழை அறுந்ததைக் கண்ணால் பார்ப்பதற்கு முன் சத்தத்திலேயே அறிவார் அல்லவா, அதுபோன்ற அறிவு. கடைசியில் பொறுக்க மாட்டாமல் பூந்துறை முதலிய ஊர்களின் மீனவர்கள் தாங்களே படகெடுத்துத் தேடப் போனார்கள். பிறகு படையினரும் மீனவர்களைத் தங்கள் கப்பலில் வழிகாட்டிகளாக ஏற்றிக்கொண்டார்கள். முதல் நாளே அப்படிச் செய்திருந்தால் என்ற ஏக்கம் அக்கரையில் இன்றும் தீரவில்லை. டிசம்பர் 7 அன்று ஆயிரக்கணக்கானோர் குழித்துறை இரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் அமர்ந்தார்கள். அவர்கள் கேட்டது "எங்கள் ஆட்களைத் தேடுங்கள்" என்பதுதான். குமரி மாவட்டத்தில் மட்டும் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட குடும்பங்கள் ஆண்மகனை இழந்தன. பலருக்கு அடக்கம் செய்ய உடலும் கிடைக்கவில்லை.

அந்த டிசம்பரில் நாமும் ஒரு திருப்பலி ஒப்புக்கொடுத்தோம், உண்டியல் பிரித்தோம். அடுத்த வாரம் குடில் வேலை வந்தது, மின்விளக்குத் தோரணம் வந்தது, மறந்தோம். பங்கு மக்களை மட்டும் குறை சொல்லவில்லை. மறந்தவர்களில் முதல் ஆள் பீடத்தில் நின்றவரே.

ஒன்பது மாதம் கூட ஆகவில்லை. 2018 ஆகஸ்டில் கேரளம் முழுகியது. அதே மழைக்காலத்தில்தான் நம் மேட்டூர் அணை நிரம்பி, காவிரிக் கரையோரம் வெள்ள எச்சரிக்கை தந்ததும். ஆகஸ்ட் 15, தேவ அன்னையின் விண்ணேற்புத் திருநாள். செங்கன்னூர், ஆரன்முளை, ஆலுவா, சாலக்குடி எனக் கடலைக் காணாத ஊர்கள் மாடிவரை நீரில் நின்றன. அன்றிரவு முதலே கடற்கரைகளில் லாரிகள் வந்து நின்றன. பூந்துறை, விழிஞ்ஞம், கொல்லம், ஆலப்புழை என்று கரை கரையாக மீனவர்கள் தங்கள் பைபர் படகுகளையும் இயந்திரங்களையும் அவற்றில் ஏற்றிக்கொண்டு உள்நாட்டுக்குப் புறப்பட்டார்கள். அவர்களில் எத்தனை பேர் முந்தின டிசம்பரில் தம் உறவினரைத் தேடிக் கரையில் நின்றவர்கள் என்று யாரும் கணக்கெடுக்கவில்லை.

அவர்கள் நேரிட்டது கடலும் அல்ல, ஆறும் அல்ல. தெருவுக்குள் பாயும் வெள்ளம் மூலைக்கு மூலை திசை மாறும். நீருக்கடியில் மதில் சுவர் இருக்கும். மின்கம்பி தலையை உரசும். வாசல் குறுகலாக இருந்தால் படகு நுழையாது. அப்போது ஒருவர் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு நீந்திப் போவார், மற்றவர்கள் கயிற்றைப் பிடித்துக்கொள்வார்கள். தானூர் இளைஞர் ஒருவர் பெண்கள் படகில் ஏறுவதற்காக நீரில் மண்டியிட்டுத் தம் முதுகையே படியாகக் கொடுத்த காட்சியை நம்மில் பலர் தொலைபேசியில் பார்த்தோம். அவர் இசுலாமியச் சகோதரர். கரையில் இறங்கியவர்களின் சாதியையோ சமயத்தையோ எவரும் கேட்கவில்லை. சாதாரண நாளில் இந்த மீனவரை வீட்டுத் திண்ணையில் உட்கார வைத்திருப்பார்களா என்று நாம் கேட்டுக்கொள்கிறோம். பதில் எழுத மனம் வரவில்லை.

669 படகுகள், 4,537 மீனவர்கள், அவர்கள் காத்த உயிர்கள் சுமார் 65,000 என்பது கேரளத்தில் வெளியான கணக்கு. நம் அம்மாபேட்டைத் தெருக்களையெல்லாம் மனத்தில் நிறுத்திப் பார்த்தால் அந்த எண்ணின் அளவு விளங்கும். இவர்களே கேரளத்தின் படை என்று முதலமைச்சர் பினராயி விஜயன் பாராட்டினார். நாளொன்றுக்கு 3,000 ரூபாய் தருவதாக அரசு அறிவித்தபோது, சகோதரரைக் காத்ததற்குக் கூலி வேண்டாம் என்று அவர்களிடையேயிருந்து ஒரு குரல் எழுந்தது. திருவனந்தபுரத்தில் பாராட்டு விழா நடந்தது. மறு ஆண்டு நாடாளுமன்ற உறுப்பினர் சசி தரூர் நோபல் அமைதிப் பரிசுக்கு இவர்களை முன்மொழிந்து எழுதினார். பரிசு கிடைக்கவில்லை.

வெள்ளம் வடிந்ததும், அடிப்பாகம் கிழிந்த படகுகளையும் சுவரில் மோதி உடைந்த இயந்திரங்களையும் மறுபடி லாரியில் ஏற்றிக்கொண்டு அவர்கள் கடற்கரைக்குத் திரும்பினார்கள். பழுது பார்க்க முடிந்தவர்கள் அடுத்த வாரமே தொழிலுக்குப் போனார்கள். அப்போது நம் பங்கிலிருந்து போர்வையும் துண்டும் அரிசியும் பாலக்காட்டு வழியே அனுப்பினோம். நம் நெசவாளர் குடும்பங்கள் புதுத் துணியாகவே தந்ததை நன்றியோடு பதிவு செய்கிறோம். ஒன்றைச் சொல்ல மறந்தோம். அந்தப் போர்வைகள் வெள்ளத்தில் வீடிழந்தவர்களுக்குப் போயின; படகு உடைந்தவர்களுக்கு நாம் எதையும் அனுப்பவில்லை.

இந்த யூபிலி ஆண்டின் நவம்பர் 30 அன்று, புனித அந்திரேயா திருநாள் மாலைத் திருப்பலியை ஒக்கியில் மாண்டவர்களுக்காகவும், கடலில் உயிர் காக்கப் போகிற அனைவருக்காகவும் ஒப்புக்கொடுக்கிறோம். அன்றைய காணிக்கை முழுவதும் தூத்தூர் வட்டாரத்துப் பங்கு ஒன்றுக்கு அனுப்பப்படும். திருப்பலி மாலை 6 மணிக்கு. தறி வேலையைச் சற்று முன்னதாக நிறுத்திவிட்டு வர வேண்டுகிறோம்.